கரிசலில் முள்ளங்கி

நான் பிடுங்கிய முதல் முள்ளங்கி பாதியில் அறுந்து வந்தது. இலைக்கொத்தும் இரண்டு அங்குலக் கிழங்கும் கையில் இருந்தன, மீதி மண்ணுக்குள் நின்றுவிட்டது. களைக்கொத்தை எடுத்து வந்து சுற்றிலும் தோண்டினேன். கிழங்கு மூன்று காலாகப் பிரிந்து, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, கறுப்பு மண்ணை இறுகப் பிடித்திருந்தது. கழுவவே கால் மணி நேரம் ஆனது. இடுக்குகளில் அடைந்த மண் கடைசிவரை போகவில்லை.

அத்தை பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உங்க ஊரு மணல் இல்ல தாயி. இந்த மண்ணுல கிழங்கு வச்சா வெளிய விடாது."

கேலியாகச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

எனக்குப் பிறந்த ஊர் உடன்குடிப் பக்கம். தேரிக்காடு. கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் செம்மணல். அங்கே மண்ணுக்குள் இருப்பதை வெளியே எடுப்பதை யாரும் வேலையாகவே நினைப்பதில்லை. பனங்கொட்டைகளை மணல் மேட்டில் நெருக்கமாக அடுக்கி மூடிவிடுவோம். பொங்கல் நெருங்கும்போது தோண்டினால் பனங்கிழங்கு ஒரு முழ நீளத்துக்கு, குச்சி மாதிரி நேராக வரும். நிலக்கடலைச் செடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி ஒரு உதறு உதறினால் மணலெல்லாம் கொட்டி, காய் மட்டும் தொங்கும். அந்தக் கையோடுதான் கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு செண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காலி இடம். அதைப் பார்த்ததுமே முள்ளங்கி போட வேண்டும் என்று தோன்றியது. அம்மா வைக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் முள்ளங்கி போடாமல் இருக்கமாட்டார். சந்தையில் வாங்கும் முள்ளங்கியில் பாதி நாள் நடுவில் பஞ்சடைத்திருக்கும். அந்தக் குழம்பு இங்கே சரியாக அமையவில்லை என்ற குறை எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

தோட்டம் போடத் தொடங்குபவர்கள் முதலில் முள்ளங்கி போடுங்கள், முப்பது நாளில் கைக்கு வந்துவிடும், குழந்தைகூட வளர்க்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் குளிர்நாடுகளில் போடும் உருண்டைச் சிவப்பு முள்ளங்கியைப் பற்றியது. அது கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, மண்ணின் மேற்பரப்பிலேயே உட்கார்ந்து பருக்கும். ஆழம் அதற்குத் தேவையே இல்லை. நம் சாம்பாருக்குப் போகும் வெள்ளை முள்ளங்கி ஒரு சாண் நீளம் கீழே இறங்க வேண்டிய கிழங்கு. எந்த மண்ணில் இறங்கப் போகிறது என்பதைப் பார்க்காமல் "எளிது" என்று சொல்லக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆனது.

கரிசல் மண்ணைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த மண்ணை இப்போது நான் மதிக்கிறேன். அதன் களித்துகள் தண்ணீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் எங்கள் கொல்லையில் விழும் வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போகும். மழை பெய்து மறுநாள் நடந்தால் செருப்பில் அப்பிக்கொண்டு அடிக்கு அடி கனம் கூடும். இதே மண்தான் ஐப்பசி மழையில் குடித்த ஈரத்தைத் தை வரை வைத்திருந்து பருத்தியையும் கம்பையும் சோளத்தையும் உளுந்தையும் மல்லியையும் மானாவாரியாக விளைவிக்கிறது. ஆனால் நிலக்கடலையை இதில் யாரும் விரும்பிப் போடுவதில்லை. ஈரமாக இருந்தால் மண் காயை விடாது, காய்ந்துவிட்டால் காய் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். அத்தை சொன்னது இந்த அனுபவத்தை. அறுபது வருடம் இந்த மண்ணில் வேலை செய்தவர் சொன்னதை நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

முதல் வருடம் செய்த தவறு இரண்டு. தரையைக் கொத்தி அப்படியே விதைத்தேன். பக்கத்து வீட்டு மாட்டுத்தொழுவத்திலிருந்து பச்சைச் சாணம் வாங்கி வந்து பாத்தியில் கலந்தேன். முள்ளங்கி விதை மூன்றாம் நாள் நான்காம் நாளே முளைத்து, இதயம் போல இரண்டு விதையிலைகளை விரித்துவிடும். மேலே இரண்டு இலை நமக்குத் தெரியும்போதே கீழே நூல் போன்ற ஒரு வேர் நேராக ஓடிக்கொண்டிருக்கும். கிழங்கு எவ்வளவு நீளம் வரும் என்பதை அந்த நூல்தான் முடிவு செய்கிறது, பருப்பது பிறகுதான். அதன் நுனி ஒரு கல்லில் முட்டினாலோ, கெட்டிக் களியில் மோதினாலோ, மக்காத சாணக் கட்டியில் பட்டுக் கருகினாலோ நுனி நின்றுபோகும். பக்கவேர்கள் கிளம்பிக் கிழங்காகப் பருக்கும். அப்படித்தான் மூன்று கால் வந்தது. முள்ளங்கியை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடக்கூடாது என்பதும் இதனால்தான். நாற்றைப் பிடுங்கும்போது அந்த நுனி அறுந்துவிடும்.

இரண்டாம் வருடத் தவறு இன்னும் பெரியது. என் ஊர் நினைப்பில், மண்ணை இலக வைக்க மணல் கலந்தால் போதும் என்று நினைத்தேன். வீடு கட்டுகிறவர்கள் வைத்திருந்த எம்-சாண்ட் நான்கு மூட்டை வாங்கிப் பாத்தியில் கொட்டிக் கிளறினேன். நான்கு தண்ணீர் விட்டுக் காயவிட்டதும் அது செங்கல் சூளைக்கு அறுத்து வைத்த கல் மாதிரி இறுகிவிட்டது. களிமண்ணில் பாதிக்கு மேல் மணலே இருக்கும் அளவுக்குக் கலந்தால்தான் குணம் மாறும். கொஞ்சமாகக் கலந்தால் மணல் துகள்களுக்கு இடையே களி புகுந்து இன்னும் கெட்டியாகும். அந்த வருடம் செடி முழங்கால் உயரம் வளர்ந்தது, கீழே சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு வால் மட்டும். அன்றைக்கு நான் அழுதேன். முள்ளங்கிக்காக இல்லை. வந்த இடத்து மண்ணும் என்னை ஏற்கவில்லை என்று அந்த வயதில் தோன்றியது.

அத்தை அப்போதுதான் என்னோடு கொல்லையில் இறங்கினார். கையில் கடப்பாரை. பாத்தியின் நடுவில் தூக்கி ஒரு போடு போட்டார். நான்கு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை.

"இவ்வளவுதான் இடம். இதுக்குள்ள அது எங்க போகும்?" என்றார்.

அடுத்து என்ன செய்வது என்று சொன்னதும் அவர்தான். கரிசலை இலக வைக்க மணல் வேண்டாம், மக்கு வேண்டும். ஆடியில் தழையுரத்துக்காகச் சணப்பு விதைத்தோம். பூவெடுக்கத் தொடங்கும் நேரத்தில், நாற்பது நாற்பத்தைந்து நாளில், மடக்கி மண்ணுக்குள் மிதித்தோம். சணப்பின் வேர் நம் கடப்பாரை இறங்காத இடத்துக்கும் இறங்கும். செடி மக்கிய பிறகு அந்த வேர் போன தடம் காற்றும் தண்ணீரும் போகும் வழியாக நிற்கும். மடக்கி உழுதவுடன் முள்ளங்கி போட்டிருந்தால் தழைச்சத்து மிஞ்சி இலையாகவே ஓடியிருக்கும், அதனால் அந்தப் பருவம் முள்ளங்கி போடாமல் கீரைக்கு விட்டுவிட்டோம். உதிர்ந்த வேப்பிலை, நெல் உமி, ஒரு வருடம் குவித்து வைத்து மக்கவைத்த தொழுவுரம், கட்டியாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசி எடுத்தது என்று எல்லாம் அந்த ஒரே பாத்திக்குப் போனது. தரையை ஆழமாக வெட்டாமல் மேலே ஏற்றினோம், ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி. தோண்டத் தோண்ட வந்த சுண்ணாம்புக் கட்டிகளை நானும் என் மகளும் பொறுக்கி மூன்று சட்டி நிறைய வெளியே கொட்டினோம்.

அந்த நாட்களில் ஜப்பானின் சகுராஜிமா முள்ளங்கியைப் பற்றிப் படித்தேன். தெற்கே ககோஷிமாவில் எரிமலையைச் சுற்றி, சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த பொலபொலப்பான மண்ணில் வளரும் உருண்டை முள்ளங்கி அது. 2003-ல் அங்கே விளைந்த ஒரு கிழங்கு 31.1 கிலோ இருந்ததாகக் கின்னஸில் பதிவாகியிருக்கிறது. ஒரு சின்னப் பிள்ளையை விடக் கனம். படித்ததும் எனக்குக் கிழங்கின் மீது வந்த ஆச்சரியத்தைவிட அந்த மண்ணின் மீது வந்த பொறாமைதான் அதிகம்.

பாத்தி ஆறட்டும் என்று விட்டிருந்த மாதங்களில் சும்மா இருக்க முடியாமல் மாடியில் இரண்டு வளர்ப்புப் பைகளில் விதைத்துப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் பையின் அடியில் நுனி முட்டி வளைந்துகொண்டது. கோவில்பட்டி வெயிலில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் காரம் ஏறிவிடும். மாடியில் போடுகிறவர்கள் ஒன்றேகால் அடிக்குக் குறையாத ஆழமுள்ள பையாகப் பாருங்கள். அதற்கு மேல் மாடித் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

நான்காம் வருடம் புரட்டாசிக் கடைசியில் மேட்டுப்பாத்தியில் விதைத்தோம். விதை, பூசா சேத்கி. வெயிலைத் தாங்கும் வெள்ளை ரகம், நாற்பது நாற்பத்தைந்து நாளில் எடுக்கலாம். பூசா என்ற பெயர் பீகாரில் உள்ள ஓர் ஊருடையது. 1905-ல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் தொடங்கியது. 1934 பூகம்பத்தில் கட்டடம் சிதைந்து, நிலையம் டெல்லிக்குப் போனது, பெயரையும் கூடவே கொண்டுபோனது. இடம்பெயர்ந்தாலும் பிறந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு திரியும் விதை என்று எனக்கு அந்தப் பொட்டலத்தின் மீது தனிப் பிரியம்.

வரிசைக்கு வரிசை ஓர் அடி. வரிசையில் அரை அங்குல ஆழத்துக்குக் கோடு கிழித்துத் தூவி மூடினோம். பன்னிரண்டு பதினைந்து நாளில் வேறொரு பயம் வந்தது. தண்டின் அடிப்பகுதியில் தோல் இரண்டாக வெடித்து, பக்கத்துக்கு ஒன்றாக நாடா போலத் தொங்கியது. பூஞ்சையோ, புழுவோ என்று எண்ணி ஒரு செடியைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தேன். நோய் ஒன்றுமில்லை. உள்ளே கிழங்கு பருக்கத் தொடங்குகிறது, பழைய வெளித்தோலால் அதோடு சேர்ந்து விரிய முடியவில்லை. பிள்ளை வளர வளர உடுப்பு தையல்விட்டுப் போவது மாதிரிதான். இனி கிழங்கு பருக்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். நெருக்கமாக நிற்கும் செடிகளை அந்த நாட்களுக்குள் கலைத்தாக வேண்டும்.

கலைப்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய வழக்கானது. ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்தாறு விரற்கடை விட வேண்டும். அப்படியென்றால் மூன்றில் இரண்டைப் பிடுங்க வேண்டும். அத்தை சம்மதிக்கவே இல்லை. மழையை நம்பி விதைக்கிறவர்களுக்கு முளைத்து வந்த ஒவ்வொன்றும் பெரிது. முளைக்காமல் போன வருடங்களைப் பார்த்தவர் அவர். "முளைச்சு வந்தத எப்படித் தாயி புடுங்குவ?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கடைசியில் பாத்தியை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். கிழக்குப் பாதி எனக்கு, அதில் கலைத்தேன். மேற்குப் பாதி அத்தைக்கு, அதில் ஒன்றையும் தொடவில்லை.

தண்ணீர் விஷயத்தில் அத்தை சொன்னபடியே செய்தேன். தினமும் ஊற்றுவது தேரி மணலின் பழக்கம், அங்கே ஊற்றியது மாலைக்குள் காணாமல் போகும். கரிசல் மேலே காய்ந்த முகத்தைக் காட்டும், உள்ளே ஈரம் இருக்கும். ஒரு விரல் ஆழம் கிளறி மண்ணை எடுத்து உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டை நின்றால் தண்ணீர் வேண்டாம், உதிர்ந்தால் விடலாம். மழை இல்லாத நாட்களில் நான்கைந்து நாளைக்கு ஒரு தண்ணீர் போதுமாக இருந்தது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவதுதான் முள்ளங்கிக்கு ஆகாது. ஒரு வாரம் காயப்போட்டுவிட்டுப் பிறகு நிறைய விட்டால் உள்சதை வேகமாக ஊதி, தோல் நீளவாக்கில் பிளந்துவிடும். கார்த்திகையில் ஒரே இரவில் கொட்டிய மழையில் எங்களுக்கும் ஏழெட்டுக் கிழங்கு அப்படிப் பிளந்தன. மழைக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பூச்சியில் அசுவினி பெரிய தொல்லை இல்லை. லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடித்ததில் அடங்கியது. சாம்பல் தூவச் சொல்வார்கள். கரிசல் ஏற்கெனவே காரத்தன்மை உள்ள மண், அதில் சாம்பலை அள்ளி அள்ளிப் போடாதீர்கள், இலைமேல் ஒரு சிட்டிகை போதும். என்னைக் கவலைப்பட வைத்தது கடுகு இனச் செடிகளைத் தின்னும் ஒரு கறுப்புப் புழு. வண்ணத்துப்பூச்சியின் புழு போலத் தெரியும், உண்மையில் குளவி இனத்துச் சிறு பூச்சி ஒன்றின் புழு. காலையிலும் மாலையிலும் இலையை ஓட்டை ஓட்டையாகத் தின்னும், வெயில் ஏறினால் ஒளிந்துகொள்ளும். தொட்டால் சுருண்டு கீழே விழுந்து செத்தது மாதிரி கிடக்கும். அந்தக் குணத்தையே பிடித்துக்கொண்டாள் என் மகள். விடியற்காலையில் செடிக்கு அடியில் பழைய சுளகைப் பிடித்து இலையைத் தட்டுவாள், புழுக்கள் தாமாகவே விழும். பத்து நாள் பள்ளிக்குக் கிளம்பும் முன் அதுதான் அவள் வேலை.

இருபத்தைந்து நாளுக்குப் பிறகு கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரியும். வெயில் பட்டால் அந்த இடம் பச்சையாகிவிடும், அதனால் மண் அணைத்தோம்.

நாற்பத்திரண்டாம் நாள் எடுத்தோம். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு, காலையில் இலைக்கொத்தின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி மேலே இழுத்தேன். சிறு சத்தத்தோடு மண் விட்டது. ஒரு சாணுக்கும் மேல் நீளம், நுனி எலிவால் போல மெலிந்து, கடைசிவரை அறுபடாமல் வந்தது. அடுத்ததும் அப்படியே. கிழக்குப் பாதியில் முப்பத்தொரு கிழங்கு, அவற்றில் கால் பிரிந்தவை நான்கே. மேற்குப் பாதியை அத்தையே பிடுங்கினார். கூட்டம் கூட்டமாக இலை, கீழே பென்சில் கனத்தில் வேர். ஒன்றிரண்டு மட்டும் ஓரத்தில் இடம் கிடைத்துப் பருத்திருந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. பிடுங்கியதையெல்லாம் திரட்டி, வேரை நறுக்கிப் போட்டுவிட்டு, இலையை ஆய உட்கார்ந்தார்.

முள்ளங்கிக் கீரையைச் சந்தையில் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வாடிய இலையில் சுணை முரட்டுத்தனமாக இருப்பதால் வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்து சி-யும் கிழங்கைவிட இலையில்தான் அதிகம். இளசாக இருந்தால் சுணை வேகும்போதே போய்விடும். அத்தை பாசிப்பருப்பை ஊறவைத்து, பூண்டு தட்டிப்போட்டு, தேங்காய் தூவிப் பொரியல் செய்தார். மேற்குப் பாதி முழுக்க அப்படித்தான் செலவானது. எனக்குக் கிழங்கைவிட அந்தப் பொரியல் பிடித்தது என்று சொன்னால் அத்தைக்கு ஆறுதலுக்காகச் சொன்னதாக நினைக்காதீர்கள்.

கிழங்குக்கு வருகிறேன். பணத்தை எண்ணிக் கொடுப்பதை 'முள்ளங்கிப் பத்தை மாதிரி' என்று சொல்வார்கள். சிறு வயதிலிருந்து கேட்ட சொல்தான். ஆனால் பிடுங்கிய அரை மணி நேரத்தில் முள்ளங்கியை நறுக்கிப் பார்த்த அன்றுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. கத்தி பட்டதும் சரக்கென்று பிளந்தது. ஒவ்வொரு பத்தையும் ஒரே வெள்ளையில், விறைப்பாக, ஓரத்தில் நீர் கோத்து நின்றது. மேல்பாதி இனிப்பாக இருக்கும், பச்சையாகவே தின்னலாம். வால் பக்கம் போகப் போகக் காரம். வெட்டாத முழுக் கிழங்கில் காரம் இல்லை என்பதுதான் வியப்பு. வெட்டும்போதோ மெல்லும்போதோ திசு உடைந்து, தனித்தனியே இருந்த இரண்டு பொருள்கள் கலந்த பிறகுதான் காரம் பிறக்கிறது. கடுகிலும் இதே கதைதான். தண்ணீர்ப் பற்றாக்குறையும் வெக்கையும் சேர்ந்தால் அந்தக் காரம் கூடும். வால்பக்கத்தை நல்லெண்ணெயில் வதக்கி அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். நெத்திலி உடன்குடியிலிருந்து அம்மா கொடுத்துவிட்டது. முள்ளங்கி கரிசல் மண்ணுடையது.

எடுக்க வேண்டிய நாளில் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பருக்கட்டும் என்று விட்டால் உள்ளே சக்கையாகிவிடும். வெளியிலிருந்து கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: வெளி வரிசை இலை ஒன்றின் காம்பை அடிப்பக்கமாக வெட்டிப் பாருங்கள். காம்பு உள்ளே பொள்ளலாக இருந்தால் கிழங்கும் பெரும்பாலும் பஞ்சடைத்திருக்கும். இலையோடு விற்கிற இடங்களில் வாங்கும்போதும் இது உதவும்.

இரண்டு செடியைப் பிடுங்காமல் விதைக்கு விட்டோம். ஆள் இடுப்புயரத்துக்குத் தண்டு நீண்டு, நான்கு இதழோடு வெளுத்த ஊதா கலந்த வெள்ளைப் பூக்கள் பூத்தன. காலை ஒன்பது மணிக்கெல்லாம் கொல்லை முழுக்கத் தேனீ இரையும். இளங்காயைப் பறித்துக் கடித்தால் முள்ளங்கி மணத்தோடு மொறுமொறுவென்று இருக்கும், நாலைந்து பேருக்குப் பொரியலுக்கே காணும். முற்றிய காய் கடுகு போல வெடித்துச் சிதறாது. நெட்டி மாதிரி இலேசாக, மூடியே இருக்கும். காயவைத்துக் கையால் நசுக்கித்தான் செம்பழுப்பு விதையை எடுக்க வேண்டும். பக்கத்தில் வேறு ரக முள்ளங்கி பூத்திருந்தால் கலந்துவிடும், வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாயைப் போல வராது. எங்களுடையது அப்படி இல்லாததால் துணிந்து எடுத்து வைத்தோம். அத்தை அதைச் சாம்பல் புரட்டி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சமையலறை மேல்தட்டில் வைத்தார்.

இந்தப் புரட்டாசியில் விதைத்தது அந்த விதை. விதைக்கும் முன் அத்தை கடப்பாரையைப் பாத்தியில் நிறுத்தி, போடாமல் கையால் மட்டும் அழுத்தினார். ஒரு சாண் தாண்டி இறங்கியது. இன்று பதின்மூன்றாம் நாள். தண்டடியில் தோல் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. நாளை காலை இரண்டு பாதியிலும் கலைக்க வேண்டும். அத்தை இப்போதே பாசிப்பருப்பை அளந்து கிண்ணத்தில் எடுத்து வைத்திருக்கிறார்.